வீட்டிற்கும் வேண்டும் சோதனை

நோயுற்ற ஒருவன் மருத்துவரிடம் செல்கின்றான். மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே மருந்தைக் கொடுத்துவிடுவதில்லை. நாடி பார்க்கின்றார், நாக்கை நீட்டச் சொல்கின்றார், உண்ட உணவையும் உறங்கிய நேரத்தையும் கேட்டறிகின்றார். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று தெளிந்த பின்னரே மருந்தை எழுதுகின்றார். இதுவே முறை என்பது வள்ளுவர் காலந்தொட்டுத் தமிழர் உடன்பட்ட உண்மை. ஆயினும், தாம் வாழும் வீட்டைப் பொறுத்தவரை மக்கள் இம்முறையை மறந்துவிடுகின்றனர். கோடை வந்ததும் வீடு கொதிக்கின்றது, மின்கட்டணம் ஏறுகின்றது. உடனே கடைக்குச் சென்று ஒரு கருவியை வாங்கி வருகின்றனர். அடுத்த கோடையில் மற்றொரு கருவி வருகின்றது. வீட்டின் நோய் எங்கே இருக்கின்றது என்று நாடி பார்த்தவர் எவரும் இலர். வாங்குவதற்கு முன் அளந்தறிதல் வேண்டும். அளந்தறியாமல் செய்யும் செலவு, ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரே ஆகும்.

ஒரு வீட்டினுள் ஆற்றல் எவ்வழியாக வருகின்றது, எவ்வெவ் வேலைக்குப் பயன்படுகின்றது, எங்கெங்கே வீணாகின்றது என்பவற்றை அளந்து கணக்கிடுவதே வீட்டு ஆற்றற் சோதனை. கணக்குத் தணிக்கை செய்வோர் வரவையும் செலவையும் ஒப்பிட்டுக் கசிவு எங்கே என்று காண்பர். அதுபோலவே ஆற்றற் சோதனை செய்வோரும் மின்சாரத்தின் வரவு செலவைக் காண்கின்றனர். வீட்டின் கூரை, சுவர், சன்னல், கருவிகள், அவற்றைக் கையாளும் மாந்தரின் பழக்கம் ஆகிய ஐந்தும் இச்சோதனையில் அடங்கும்.

இச்சோதனை பெரிதும் வளர்ந்தது குளிர்நாடுகளில் ஆகும். 1973 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அரபு நாடுகள் சில மேலைநாடுகளுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. சில திங்களுக்குள் எண்ணெயின் விலை நான்கு மடங்காயிற்று. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெயையும் எரிவளியையும் நம்பியிருந்த மக்கள் திகைத்தனர். அதுவரையில் வீட்டின் சூடு எவ்வழியாக வெளியேறுகின்றது என்பதைப் பற்றிக் கவலைப்பட்டவர் சிலரே. அந்நாள் முதல் அது பலர்க்கும் உரிய கவலையாயிற்று.

அந்நெருக்கடி வருவதற்குச் சற்று முன்னரே, அமெரிக்க நாட்டின் நியூ செர்சி மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. அங்கே ‘இரட்டையாறு’ என்று பொருள்படும் டுவின் ரிவர்ஸ் என்னும் புறநகர்க் குடியிருப்பு அப்போது எழுந்துகொண்டிருந்தது. பிரின்சுடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராபர்ட்டு சொக்கோலோ முதலிய அறிஞர்கள் அவ்வீடுகளைப் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்தனர். அவர்தம் முடிவுகள் 1978 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஒரே வரைபடத்தின்படி, ஒரே பொருள்களைக் கொண்டு, அடுத்தடுத்துக் கட்டப்பட்ட வீடுகள் அவை. ஆதலின் அவற்றின் எரிபொருட் செலவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்று எவரும் எண்ணுவர். அளந்து பார்த்தபோதோ, ஒரு வீட்டின் செலவு மற்றொரு வீட்டின் செலவைப்போல இரு மடங்குக்கு மேலும் இருந்தது. ஒரு வீட்டில் குடியிருந்தோர் நீங்கிப் புதியவர் குடிபுகுந்ததும் அவ்வீட்டின் செலவு மாறிற்று. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் அன்று. அதில் வாழ்வோரின் பழக்கமும் அதன் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கிற்று.

அவர்கள் கண்ட மற்றோர் உண்மை இதனினும் வியப்பானது. அவ்வீடுகளில் கூரைக்கும் அறையின் மேற்றளத்திற்கும் இடையே பரண் போன்ற ஒரு வெளி இருந்தது. அவ்வழியாக இவ்வளவு சூடுதான் வெளியேறும் என்று ஏட்டுக் கணக்குக் கூறியது. உண்மையில் வெளியேறிய சூடோ அதனினும் பல மடங்கு மிகுதியாக இருந்தது. காரணத்தைத் தேடியபோது, புகைபோக்கியைச் சுற்றியும் சுவர்களின் உட்புறத்திலும் இருந்த இடுக்குகள் வழியே சூடான காற்று மேலே ஏறி மறைவது தெரிந்தது. கட்டியவர் கண்ணிலும் அது படவில்லை. குடியிருந்தவர் கண்ணிலும் படவில்லை. அளவுகருவியின் கண்ணுக்கே அது புலப்பட்டது. அவ்விடுக்குகளை அடைத்து, வேறு சில திருத்தங்களையும் செய்தபோது, ஒரு வீட்டின் சூடாக்கும் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

இவ்வாராய்ச்சியிலிருந்து ‘வீட்டு மருத்துவர்’ என்னும் புதிய தொழிலே பிறந்தது. அவர் கருவிகளோடு வீட்டிற்கு வருவார். வாயிற் கதவின் நிலையில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுப்பார். வீட்டின் உள்ளும் புறமும் 50 பாசுக்கல் அளவு அழுத்த வேறுபாடு உண்டாகும். அப்போது, கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு துளை வழியாகவும் காற்று உள்ளே பாயும். சிறு புகையை அருகே காட்டினால் அது அசையும் திசை, கசிவைக் காட்டிக்கொடுக்கும். வெப்பத்தைப் படமாகக் காட்டும் ஒளிப்படக் கருவியும் பின்னர் அவர் கைக்கு வந்தது. நோய் தெரிந்த பின் மருந்து எளிது. பல வீடுகளில் விலையுயர்ந்த புதிய உலை வேண்டியிருக்கவில்லை. இடுக்கை அடைக்கும் சாந்தே போதுமானதாக இருந்தது.

இது குளிர்நாட்டின் கதை. வெயில் எரிக்கும் தமிழ்நாட்டிற்கு இதனால் ஆவது என்ன என்று சிலர் வினவலாம். அவ்வினா பொருளுடையதே. தாம்பரத்திலும் ஆவடியிலும் உள்ள ஒரு வீட்டின் இடுக்குகளையெல்லாம் சாந்திட்டு அடைத்துவிட்டால், குளிரூட்டும் கருவி இல்லாத அவ்வீடு வெந்நீர்ப் பானைபோல் ஆகிவிடும். அங்கே நோய் சூடு வெளியேறுவது. இங்கே நோய் சூடு உள்ளே புகுவது. அங்கே காற்றுப் பகை. இங்கே மாலைக் கடற்காற்று உற்ற நண்பன். ஆதலின் மேலைநாட்டு மருந்தை அப்படியே இறக்குமதி செய்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் மருந்து வேறு, சோதனை வேறு. மருந்து இடத்திற்கு இடம் மாறும். அளந்தறியும் நெறியோ எல்லா நாட்டிற்கும் பொது. குளிர்நாட்டிடமிருந்து கொள்ளத்தக்கது அந்நெறியே.

சென்னையைச் சுற்றிப் பல்லாவரம், தாம்பரம், அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எண்ணற்ற சிறு வீடுகள் எழுந்துள்ளன. வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு நடுத்தரக் குடும்பத்தார் கட்டியவை அவை. பெரும்பாலானவற்றின் கூரை தட்டையான கான்கிரீட்டுத் தளம். சென்னை, நிலநடுக்கோட்டிற்கு 13 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் சூரியன் அங்கே தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. இடைப்பட்ட திங்கள்களிலும் அதிகம் விலகுவதில்லை. ஆகவே, கோடையில் சுவரைவிடக் கூரையே மிகுந்த வெயிலை ஏற்கின்றது. பகலெல்லாம் உண்ட வெப்பத்தைக் கான்கிரீட்டுத் தளம் உடனே கீழே விடுவதில்லை. மெல்ல மெல்ல, மாலையிலும் முன்னிரவிலும் உமிழ்கின்றது. வெளியே காற்றுக் குளிர்ந்த பின்னும் உள்ளே உறங்க முடியாமல் குழந்தைகளும் முதியோரும் புரள்வதற்குக் காரணம் இதுவே. மின்விசிறியோ அச்சூட்டையே சுழற்றித் தருகின்றது.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். ‘மெட்ராசு டெரசு’ என்று பெயர் பெற்ற பழைய தளத்தில், மர உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்தனர். அதன்மேல் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் பரப்பினர். அதற்கும் மேலே தட்டோடு பதித்தனர். அத்தடிப்பு வெயிலைத் தடுத்தது. இன்றோ பல வீடுகளில், பின்னாளில் மற்றொரு மாடி எழுப்பலாம் என்னும் எண்ணத்தால், கான்கிரீட்டுத் தளத்தின்மேல் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகின்றனர். மாடி எழும்புவதற்குப் பத்தாண்டுகள் ஆகலாம்; எழும்பாமலும் போகலாம். அதுவரை அக்குடும்பம் வெற்றுத் தளத்தின்கீழ் வேகின்றது.

இத்தகைய வீட்டில் சோதனை எவ்வாறு நிகழ வேண்டும்? முதலில் ஓராண்டின் மின்கட்டணச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தைத் திங்கள்களில் ஆன செலவையும் சித்திரை, வைகாசியில் ஆன செலவையும் ஒப்பிட வேண்டும். முன்னது 220 யூனிட்டு, பின்னது 480 யூனிட்டு என்று வைத்துக்கொள்வோமாயின், வேறுபாடாகிய 260 யூனிட்டும் பெரிதும் வெயிலுக்குச் செலுத்தும் கப்பம் என்று கொள்ளலாம். பயன்பாடு ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் வகையில் கட்டணம் அமைந்திருத்தலின், கடைசியாகச் செலவாகும் யூனிட்டுகளே விலை மிகுந்தவை. அவ்வேறுபாடு பெரிதாயின் நோய் கூரையிலும் சுவரிலும் இருக்கின்றது. வேறுபாடு சிறிதாகி, ஆண்டு முழுவதும் செலவு ஒரே அளவில் மிகுந்திருப்பின், நோய் கருவிகளில் இருக்கின்றது. ஒரு காசும் செலவின்றிச் சீட்டுகளைப் பார்த்த அளவிலேயே இவ்வளவும் புலனாகின்றது.

அடுத்துக் கூரையை நோக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேற்றளத்தின் அருகில் ஒரு வெப்பமானியையும், தரைக்குச் சற்று மேலே மற்றொன்றையும் வைத்து அளந்தால், கூரை எவ்வளவு வெப்பத்தை உமிழ்கின்றது என்பது தெரியும். மேற்குச் சுவரையும் அவ்வாறே மாலையில் அளக்கலாம். எதிரெதிரே சன்னல்கள் உள்ளனவா, கொசுவுக்கும் திருடனுக்கும் அஞ்சி அவை மூடப்பட்டே கிடக்கின்றனவா, சன்னலின்மேல் வெயில்மறைப்பு உண்டா என்பனவும் குறிக்கத்தக்கவை. கூரையே நோயின் இருப்பிடம் என்று தெரிந்தால் அதற்குரிய மருந்துகள் பலவாகும். வெண்ணிறப் பூச்சு, வெள்ளைத் தட்டோடு, செங்கல் துண்டும் சுண்ணாம்பும் கலந்த தளம், நிழற்பந்தல் என அவை வரிசைப்படும். புதிய நல்ல வெண்பூச்சு, தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கு வரை திருப்பி அனுப்பும். தூசியும் பாசியும் படிந்தால் அவ்வாற்றல் குறையும். ஆதலின் அதனைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது கருவிகளின் கணக்கு. 1000 வாட்டுக் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட்டு மின்சாரம் செலவாகும் என்பது மாணவர் அறிந்ததே. பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட்டுக் கொள்ளும். தூரிகையற்ற மோட்டார் பொருத்திய புதிய விசிறி 30 வாட்டளவே கொள்ளும். நாள்தோறும் 12 மணி நேரம் இயங்கினால், 60 நாளில் பழையது 54 யூனிட்டும் புதியது 21.6 யூனிட்டும் கொள்ளும். மூன்று விசிறிகள் உள்ள வீட்டில் மிச்சம் 97.2 யூனிட்டு ஆகும். பத்து வாட்டுக் கொள்ளும் ஒரு சிறு பெட்டி, தொலைக்காட்சியின் அருகே இரவும் பகலும் விழித்திருந்தால், அதே 60 நாளில் 14.4 யூனிட்டு உண்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியின் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் எளிதில் வந்துவிட்டால் அதன் விளிம்பு தளர்ந்துவிட்டது என்பது பொருள். எல்லாக் கருவிகளையும் நிறுத்திய பின்னும் மின்னளவியின் சிறுவிளக்கு விட்டுவிட்டு ஒளிருமாயின், எங்கோ ஒரு செலவு மறைந்திருக்கின்றது என்று உணரலாம்.

குளிரூட்டும் கருவியைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். அறை ஓரளவு குளிர்ந்ததும் அக்கருவியின் அழுத்தி இளைப்பாறும் வகையில் அமைந்துள்ளது. கூரை இடைவிடாமல் சூட்டைப் பொழியுமாயின் அதற்கு ஓய்வு ஏது? கூரையின் நோயைத் தீர்க்காமல் பெரிய கருவியை வாங்குவது, அடுப்பை எரியவிட்டுக்கொண்டே பாலைக் குளிரவைக்க முயல்வதை ஒக்கும். இந்தியாவில் விற்கப்படும் அறைக் குளிரூட்டிகள் 2020 ஆம் ஆண்டு சனவரி முதல் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று ஆற்றல் திறன் செயலகம் கூறியுள்ளது.

அரசினர் இத்துறையில் வாளா இருந்துவிடவில்லை. 2001 ஆம் ஆண்டு ஆற்றல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2002 ஆம் ஆண்டு ஆற்றல் திறன் செயலகம் நிறுவப்பட்டது. 2006 ஆம் ஆண்டு முதல் கருவிகளின்மேல் நட்சத்திரக் குறியீடு காணப்படுகின்றது. பெருந்தொழிற்சாலைகள் தகுதி பெற்ற தணிக்கையாளரைக் கொண்டு ஆற்றற் சோதனை செய்ய வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. 2018 ஆம் ஆண்டு குடியிருப்புக் கட்டடங்களுக்கென ஒரு விதித்தொகுப்பின் முதற்பகுதியும் வெளிவந்தது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளை நோக்கி எழுதப்பட்டது. புறநகரில் ஒரு கிரவுண்டு மனை வாங்குவதே பலரின் வாழ்நாட் கனவு. ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஆகவே ஆலைக்குச் சோதனை உண்டு. பெரிய மாளிகைக்கு விதி உண்டு. சிறு வீட்டிற்கோ கடைக்காரரின் சொல்லே துணையாக நிற்கின்றது.

இங்கேதான் ஒரு தீங்கு நேர்கின்றது. கருவி விற்பவரே இலவசச் சோதனை செய்வதாகக் கூறி வீட்டிற்கு வருகின்றார். அவர் எந்த நோயைக் கண்டாலும் அதற்குரிய மருந்து அவர் பையிலேயே இருக்கின்றது. அவரைக் குறை கூறிப் பயனில்லை. விற்பது அவர் தொழில். எனினும், சோதிப்பவர் வேறாகவும் விற்பவர் வேறாகவும் இருத்தல் வேண்டும். எதையும் விற்காத ஒருவர், சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டை அளந்து, ‘முதலில் இதனைச் செய்க, அடுத்து இதனைச் செய்க, இது வேண்டா’ என்று எழுதித் தருவாராயின், அந்த ஒரு தாளே பல ஆயிரம் உரூபாயைக் காக்கும். பல்தொழில்நுட்பப் பயிலகங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பயிலும் இளைஞருக்கு இதனைக் கற்பித்து, நகராட்சிகளின் வழியே வீடுதோறும் அனுப்பலாம். வேலையும் கிடைக்கும், வீடும் நலம் பெறும்.

இதற்குச் சிலர் தடை கூறுவர். கூரையின்மேல் சூரிய ஒளித் தகடுகளைப் பதித்துவிட்டால் மின்சாரம் தானே கிடைக்குமே, சோதனை எதற்கு என்பர். ஒரு கோடி வீடுகளுக்கு அத்தகடுகளைப் பொருத்தும் திட்டம் 2024 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அது போற்றத்தக்கதே, தகடுகளின் நிழல் கூரைக்கும் நன்மை செய்யும். ஆயினும் எத்தனை தகடு வேண்டும் என்பதைச் சோதனையே கூறும். செலவைக் குறைத்த வீட்டிற்குச் சிறிய அமைப்பே போதும். குறைக்காத வீடு, வீணாகும் மின்சாரத்திற்கும் சேர்த்துத் தகடு வாங்க நேரும்.

வேறு சிலர், சிக்கனம் என்றால் வறுமையைப் பழகுதல் என்று எண்ணுவர். அதுவும் பிழை. நோயுற்ற பாட்டியின் அறையில் விசிறியை நிறுத்துவது சிக்கனம் ஆகாது, அது கொடுமை. அதே காற்றைப் பாதிக்கும் குறைந்த மின்சாரத்தில் அவருக்குத் தருவதும், அவர்தம் தலைக்கு மேலுள்ள தளத்தைக் குளிரச் செய்வதுமே சிக்கனம். சோதனை செய்பவர் குடும்பத்தாரைக் கண்டிக்க வந்தவர் அல்லர். அவர்தம் துன்பத்திற்குக் காரணம் காண வந்தவர். சோதனைக்குப் பின் ஒரு வீட்டின் கட்டணம் குறையாமல், அங்கு வாழ்வோரின் உறக்கம் மட்டும் சிறந்தாலும், அச்சோதனை பயனுடையதே.

டுவின் ரிவர்சு ஆராய்ச்சியில் மற்றும் ஒரு செய்தி மாணவர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது. அங்குள்ள சில குடும்பத்தாருக்கு அவர்கள் செலவிட்ட மின்சாரத்தின் அளவை நாள்தோறும் தெரிவித்து வந்தனர். புதிய கருவி எதுவும் தரப்படவில்லை. எனினும், அவர்களுடைய செலவு மற்றவர் செலவைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அறிந்த அளவிலேயே மாந்தர் திருந்துகின்றனர் என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வேலையைத் தொடங்குவதற்குப் பெரிய கருவியோ பட்டமோ வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். மாணவன் ஒருவன் நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு வீட்டின் மின்னளவியைப் பார்த்து அதன் எண்ணைக் குறித்து வரலாம். எந்நாளில் எண் மிகுதியாக ஏறிற்று, அன்று வீட்டில் எது கூடுதலாக இயங்கிற்று என்பதை அருகே எழுதலாம். ஒரு திங்கள் முடிவில் அக்குறிப்பேட்டைத் தாய் தந்தையர்முன் வைத்தால், அவர்கள் அடுத்து வாங்கவிருக்கும் பொருளைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவர். வகுப்பிற்கு நாற்பது மாணவர் இவ்வாறு செய்தால், ஓர் ஊரின் நாற்பது வீடுகளின் உண்மை நிலை ஏட்டில் ஏறும். இயற்பியல் வகுப்பில் கற்ற வாட்டும் யூனிட்டும் அன்றுதான் உயிர் பெறும்.

வீடு பேசாது, தன் நோயைத் தானே எடுத்துரைக்காது. அதற்காகப் பேசுபவை எண்கள். அவற்றைப் பொறுமையுடன் கேட்பவர்க்கே வீட்டின் உண்மை விளங்கும். விளங்கிய பின் செய்யும் செலவு சிறிதாயினும் பயன் பெரிதாகும். அளந்தறிந்து, பின்னர்ச் செய்தலே அறிவுடையோர் செயல்.